வெட்டியஸ் வீட்டுப் பொருள்கள்

அந்த வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோது "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று தெய்வானை கேட்டுவிட்டாள். குவளையோடு நின்ற பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. அடிமையிடம் மரியாதையாகப் பேசும் எசமான் அடுத்து என்ன செய்வானோ என்று அவள் பயந்திருக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது. அதைத் துடைக்க இன்னொருத்தி ஓடிவந்தாள். துடைத்தவளிடம் "பரவாயில்லைங்க" என்று சொல்லி, தெய்வானை அவளையும் பயமுறுத்தினாள்.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரே சிரிப்பு.

"வெட்டி ஐயா, நீங்க குடும்பத் தலைவர். கோயில் வாசல்ல பிரசாதம் வாங்குற மாதிரி கையேந்திக்கிட்டு நின்னா எப்படி?" என்றான் பின்வரிசைக்காரன்.

வெட்டியஸ் என்பது அவளுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்த பெயர். திருச்சியில் மாலை நேரச் சட்டக் கல்லூரி அது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை, ஆறு மணிக்கு வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்த தெய்வானைக்கு, ரோமானியச் சட்டம் என்ற பாடம் ஏன் இருக்கிறது என்பதே முதலில் புரியவில்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. சாய்வு நாற்காலியில் படுத்துக் கவசத்தை மாட்டினால், அகஸ்டஸ் அரசனின் கடைசிக் காலத்து ரோமாபுரியில் ஒரு வீடு. கல் தூண்கள், நடுவில் மழைநீர்த் தொட்டி, பின்னால் சமையலறை. வாசலுக்கு வெளியே ஒரு தெரு, ஒரு நீதிமன்றம். அதற்கு அப்பால் எதையும் கட்டவில்லை.

வீட்டுக்குள் இருந்தவர்கள் நடிகர்களும் இல்லை, முன்னரே எழுதிவைத்த வசனத்தைப் பேசும் பொம்மைகளும் இல்லை. கல்லறை வாசகங்கள், உயில்கள், தீர்ப்புகள் எல்லாவற்றையும் தின்று வளர்ந்த இயந்திரம் பெற்றுப்போட்ட ஆட்கள். யோசித்தார்கள், கோபப்பட்டார்கள், மறைவில் சிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய லத்தீனைத் தமிழாக்கும் பகுதிக்கு உள்ளூர்க்காரர்களின் பேச்சையே பழக்கியிருந்ததால், ரோமாபுரி அடிமைகள் உறையூர்க்காரர்களைப் போலப் பேசினார்கள்.

தெய்வானை எதையும் ஒழுங்காகச் செய்பவள். செய்து முடித்த பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று இன்னொரு தடவை போய்ப் பார்ப்பவள். கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளை இத்தனை பேரின் உடம்புக்கும் உயிருக்கும் எசமானாக்கி உட்காரவைத்தால் அவளுக்குத் தூக்கம் எப்படி வரும்?

கம்பளி அறையில்தான் ஐரினேயைப் பார்த்தாள். நூற்கும் பெண்களுக்குக் கம்பளியை நிறுத்துக் கொடுப்பது அவள் வேலை. நூலைக் கை எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினாள். கடைப் பழக்கம் தெய்வானையை விடவில்லை.

"கிட்டத்துல வச்சா தெரியலையா?"

"தெரியுது எசமான்." பதில் வேகமாக வந்தது. கண் கெட்ட அடிமையை விற்றுவிடுவார்கள் என்பது தெய்வானைக்கு அப்புறம்தான் உறைத்தது.

"விக்க மாட்டேன். நிஜத்தைச் சொல்லு."

"கலங்கலாத் தெரியுது."

உருண்டையான கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள் தெய்வானை. அத்தோடு மறந்தும்போனாள். அடுத்த வாரம் போனபோது தராசுக்கு மேலே ஒரு குடுவை கயிற்றில் தொங்கியது. மற்றப் பெண்களுக்கும் ஆளுக்கொன்று. ஐரினே ஒரு கம்பளித் துண்டை நீட்டினாள். நடுவில் கருகிய ஓட்டை.

"வெயில்ல வச்சுப் பார்த்தேன் எசமான். பொசுங்கிடுச்சு. அடிக்கணும்னா அடிச்சுக்குங்க, ஆனா ஒண்ணு சொல்லுங்க. வெறும் கண்ணாடில பார்த்தா பெருசாகல. வெறும் தண்ணியில பார்த்தாலும் ஆகல. ரெண்டும் சேர்ந்தா மட்டும் ஏன்?"

கடைக்கு வரும் ஒருவரும் தெய்வானையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அன்று வகுப்பு முடியும் மணி அடிக்கும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒளி எப்படி வளைகிறது என்று கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ரஃபீக்கிடம் படபடவென்று கொட்டினாள்.

ரஃபீக் ஒயர்களைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "நல்ல பொண்ணு வக்கீலம்மா. போன செட்ல இதே ஐரினே பாட்டுக் கட்டினா. பசங்க எல்லாம் மனப்பாடம் பண்ணிப் பாடுனாங்க."

"என்கிட்ட பாட்டைப் பத்திச் சொல்லவே இல்லையே."

"அவளுக்கு எப்படித் தெரியும்? செமஸ்டர் முடிஞ்சா வீட்டைப் பழையபடி ஆக்கிடுவோம்ல. எல்லாம் இருந்த இடத்துக்குத் திரும்பிடும். விளக்கு, நாற்காலி, ஐரினே."

"எல்லாரும் மறந்துடுவாங்களா?"

"எல்லாரும் இல்ல. பக்கத்து வீட்டுக் கிழவர், நீதிபதி இவங்கள்லாம் மறக்க மாட்டாங்க. அவங்க சட்டப்படி ஆளுங்க." ரஃபீக் ஒயரைக் கீழே வைத்தான். "ரோமன் சட்டத்துல அடிமை பொருள்தானே? வீட்டைக் கட்டுனவங்க அந்தச் சட்டத்தை அப்படியே உள்ள போட்டுட்டாங்க. பொருளுக்கு நினைவை எதுக்கு சேர்த்து வைக்கணும்? ஒரு மனசைச் சேமிக்க எவ்வளவு இடம் ஆகும் தெரியுமா? அத்தனை அடிமைக்கும் இடம் குடுத்தா காலேஜ் திவாலாயிடும். நான் மேல கேட்டுப் பார்த்துட்டேன். சட்டமும் அவங்களுக்கு வசதியாப் போச்சு."

"அப்ப அவளை விடுதலை பண்ணி ஆளாக்கிட்டா?"

"ஆக்கிட்டா நினைவு நிக்கும்." ரஃபீக் அவளைக் கூர்ந்து பார்த்தான். "வேண்டாம் வக்கீலம்மா. பரீட்சைக்குப் படிங்க."

அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோலவே இதற்கும் படித்தாள். கடையில் ஆள் இல்லாத நேரங்களில், பஸ்ஸில், சாப்பிடும்போது. விடுதலை செய்வது எளிது. நீதிபதி முன்னால் நிறுத்தி, ஒரு கோலால் தொட்டு, எசமான் அவளைப் பிடித்துச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் ஆயிற்று. ஆனால் அகஸ்டஸ் ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும் அடிமையை அப்படி விடுவிப்பது செல்லாது. நண்பர்கள் முன்னால் வாயால் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவள் அப்போதும் பொருள்தான். இயந்திரத்தின் கண்ணிலும்.

ஐரினேக்கு முப்பது ஆகவில்லை.

விலக்குகள் இருந்தன. அடிமை எசமானின் சொந்த ரத்தமாக இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவராக இருக்கலாம். இரண்டும் பொருந்தவில்லை. மூன்றாவதை விரிவுரையாளர் சகாயமேரி போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்தார்: எசமான் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக விடுவிக்கலாம். காரணத்தை விசாரிக்கும் நீதிபதியின் சபை அதை ஏற்றுக்கொள்ளும்.

"ஆனா அப்படி விடுதலையான பொண்ணு, புருஷன் சம்மதிக்காம அவனை விட்டுட்டு இன்னொருத்தனைக் கட்ட முடியாது. அடுத்து, உயில்கள்" என்று பக்கத்தைப் புரட்டினார்.

தெய்வானை பேனாவை வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு மீசை மழித்த நடுவயது ஆணின் முகம். கல்யாணம் என்பது நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவள் ஐரினேயைத் தொடப்போவதுமில்லை, தொந்தரவு செய்யப்போவதுமில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ நிலைகொள்ளவில்லை. ஐரினேயிடம் கேட்க வேண்டும்.

மறதியைப் பற்றி முதலில் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தும் வார்த்தைகள் தடுமாறின.

"செத்தவங்க குடிச்சு எல்லாத்தையும் மறக்கற ஆத்துத் தண்ணி மாதிரியா?" என்றாள் ஐரினே.

"சாக மாட்ட. ஆனா கண்ணாடிக் குடுவை, நாம போட்ட கோடு, எதுவும் ஞாபகம் இருக்காது. முன்னாடியும் அப்படி நடந்திருக்கு. நீ பாட்டுக் கட்டியிருக்க."

ஐரினே தராசுத் தட்டைத் துடைத்தாள். "நல்ல பாட்டா?"

"நல்ல பாட்டாம்." தெய்வானை கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். "உனக்குச் சம்மதமா?"

"எசமான் இஷ்டம்."

"என் இஷ்டம் இல்ல. உன் இஷ்டத்தைக் கேக்கறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்."

"சரி எசமான்." ஐரினே அவள் முகத்தைக் கவலையோடு ஆராய்ந்தாள். "வேண்டாம்னு சொல்லணுமா?"

தெய்வானை மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும், எந்தப் பதிலைச் சொன்னால் எசமான் திருப்தியாவார் என்று தேடும் அதே கண்கள்.

"அவ சரின்னு சொன்னாளா, இல்லையா?" என்றான் ரஃபீக், அவள் வெளியே வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு.

"சொன்னா. அது சரியான்னு தெரியல."

"எங்க அக்காவப் பொண்ணு பார்க்க வந்தப்ப அவளும் இப்படித்தான் தலையாட்டினா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கல்யாணம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் அது சரியான்னு யாரும் அவகிட்ட கேக்கல. நானும் கேக்கல."

பழையபடி ஆக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்துக்கொண்டே இருந்தால் யோசனை மட்டும்தான் மிஞ்சும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தெய்வானை ஐரினேயை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போனாள். சபை தலையாட்டியது. கோல் தொட்டது. தோளைப் பிடித்துச் சுற்றிக் கையை எடுத்தபோது ஐரினே நிலைதடுமாறி, பிறகு நேராக நின்றாள். பின்வரிசைக்காரன் எதிர்வீட்டுக் கனவானாக வந்து கைதட்டினான். கல்யாணமும் அங்கேயே முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் சமையலறையிலிருந்து புகை. அடுப்பில் எல்லாம் கருகிக்கொண்டிருந்தது. சமையல்காரன் டாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. தெய்வானை அவன் தோளைத் தொட்டதும் எழுந்து நின்று, அடிக்கு வாகாக முதுகைக் காட்டினான்.

"இவனுக்கு என்ன?" என்று தெய்வானை ஐரினேயிடம் கேட்டாள்.

ஐரினே கொஞ்சம் தயங்கினாள். விடுதலையானவளின் தயக்கம், முன்பு இருந்தது போன்றதல்ல. "இவன்தான் என் ஆளு."

"ஆளுன்னா?"

"நாங்க ஒண்ணாத்தான் இருக்கோம். வந்ததுலேருந்து."

அடிமைகளுக்குள் திருமணம் என்ற ஒன்று சட்டத்தில் கிடையாது. தெய்வானை புரட்டியது எல்லாம் சட்டம். அதில் இல்லாத ஒன்றை எங்கே தேடுவது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த அடுக்களைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. சம்மதமான்னுதான் கேட்டீங்க."

அந்த வாரம் முழுக்கத் தெய்வானை கடையில் தப்பும் தவறுமாகக் கண்ணாடி பவர் எண்களைச் சொன்னாள். முதலாளி இரண்டு தடவை முறைத்தார். நினைவு நிற்கப்போவது ஐரினேக்கு மட்டும். டாமா மறந்துவிடுவான். அவளைப் பார்த்து, புதிதாக வந்த எசமானியம்மாவைப் பார்ப்பதுபோலத் தலைகுனிவான். அவள் மட்டும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அதே வீட்டில் நடமாடுவாள்.

அதைவிட மோசமானதை ரஃபீக் சொன்னான்.

"அடுத்த செட்ல உங்க இடத்துல வேற ஒருத்தர் உட்காருவார். வெட்டியஸ் அவர்தான். அதாவது, ஐரினே புருஷனும் அவர்தான்."

"அவர் எப்படிப்பட்டவரா இருப்பார்?"

"யாருக்குத் தெரியும்? அதுக்கு அடுத்து இன்னொருத்தர். அவளாப் பிரிஞ்சு போக முடியாதுல்ல? நீங்களே படிச்சீங்களே." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் தணிந்தது. "முன்னாடின்னா மறந்தாவது தொலைச்சிருப்பா."

தெய்வானை எழுந்து கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"நான் சம்மதிச்சா அவ பிரியலாம். அது முதல் வேலை. டாமாவை விடுவிக்க முடியுமா?"

"வயசு?"

"அவனுக்கும் முப்பது ஆகல. காரணமும் இல்ல. சபையும் இனிமே அடுத்த செமஸ்டர்லதான் கூடும்." அவள் நகத்தைக் கடித்தாள். "ரஃபீக் அண்ணே, ஐரினே இப்ப ஆளு. அவளோட துணி, சீப்பு இதெல்லாம் என்ன ஆகும்? அதுவும் பழையபடி ஆயிடுமா?"

"இல்ல. ஒரு ஆளுக்குச் சொந்தமானது அந்த ஆளோடவே இருக்கும், எப்படி இருந்துச்சோ அப்படியே. அது அவங்க கணக்குல..." பாதியில் நிறுத்திவிட்டு ரஃபீக் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "ஐயோ."

"வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

ரஃபீக் ஒயர்களை மறுபடி சுற்ற ஆரம்பித்தான்.

வரிசை தப்பக்கூடாது. புருஷன் பெண்டாட்டிக்குத் தரும் பரிசை ரோமானியச் சட்டம் ஏற்காது. ஆகவே முதலில் மணமுறிவு, பிறகுதான் டாமாவை அவள் பேருக்கு மாற்றுவது. வகுப்புத் தோழர்கள் சாட்சிகளாக வந்து முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் செம்புத் தராசைப் பிடித்துக்கொண்டான்.

"வெட்டி ஐயா, கல்யாணச் சாப்பாடே இன்னும் போடல, அதுக்குள்ள டைவர்ஸா?"

"வாயை மூடிட்டு நில்லுடா."

வாங்குகிறவர் வாங்கும் பொருளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். ஐரினே டாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இவன் என்னுடையவன்" என்றாள். தராசை ஒரு செப்புக் காசால் தட்டியபோது தோழர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தெய்வானை ஐரினேயைத் தனியே அழைத்துக் கடைசி விஷயத்தைச் சொன்னாள். அதை அவள் முந்தின நாள்தான் தேடிப் பிடித்திருந்தாள். ஒரே வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் என்றால், விடுதலையான பெண் தன் அடிமையை மணப்பதற்காக விடுவிக்கலாம். முப்பது வயது ஆகவேண்டியதில்லை.

"அடுத்து சபை கூடற அன்னைக்கு இவனைக் கூட்டிட்டுப் போ. அப்புறம் இவனும் ஆளு. ரெண்டு பேருக்கும் கல்யாணம்கூட ஆகும், சட்டப்படியே. மறந்துடாத."

"இனிமே நான் எதையும் மறக்க மாட்டேன்" என்றாள் ஐரினே.

செமஸ்டர் முடிந்தது. வீடு பழையபடி ஆயிற்று. தெய்வானை பரீட்சை எழுதினாள், தேறினாள். வெட்டியஸின் இருக்கைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். தெருமுனையில் ஐரினே கம்பளிக் கடை போட்டிருக்கிறாள் என்றும், டாமாவும் கூட இருக்கிறான் என்றும், இருவருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது என்றும் ரஃபீக் சொன்னான். தெய்வானை கடைப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போன முதல் நாள் அது.

ஆனால் ஒரு மாதம்கூட அவளால் சும்மா இருக்க முடியவில்லை. புதுப் பையன் காய்ச்சலில் வராத ஒரு மாலை, ரஃபீக்கைக் கெஞ்சி, பழைய நாற்காலியில் படுத்துக் கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

கடை சின்னதுதான். ஐரினே தராசின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, வந்திருப்பது யார் என்று நடையிலேயே அறிந்துகொண்டு முகமலர்ச்சியோடு "வாங்கய்யா" என்றாள். கண்ணை நேராகப் பார்த்தே சொன்னாள். டாமா ஓடிப்போய் முக்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, ஐரினேக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கழுத்திலும் கையிலும் சதை போட்டிருந்தான். நல்ல துணி உடுத்தியிருந்தான். எங்கும் ஓர் அடித்தழும்பு கூட இல்லை.

கம்பளி விலையைப் பற்றிப் பேசினார்கள். தெரு நாய்களைப் பற்றிப் பேசினார்கள். தெய்வானையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சபை கூடுச்சாமே. இவனைக் கூட்டிட்டுப் போகலையா?"

"போகல."

"நாள் மறந்துட்டியா?"

"அதான் சொன்னேனே, எதையும் மறக்க மாட்டேன்னு." ஐரினே தராசுத் தட்டில் ஒட்டியிருந்த ஒரு நூலைக் கிள்ளி எடுத்தாள். "இப்ப இவன் என் பொருள். என்னைக் கேக்காம எவனும் இவனை விக்க முடியாது, கை ஓங்க முடியாது. அந்த ஆத்துத் தண்ணிய வாயில ஊத்தவும் முடியாது. இதுக்கு மேல இவனுக்கு என்ன வேணும்?"

"விட்டாலும் நினைவு நிக்கும் ஐரினே. அவனுக்கே சொந்தமா நிக்கும்."

"தெரியும். விட்டா இவன் ஆளு. ஆளுன்னா எழுந்து போகலாமில்ல?"

"போகலாம். ஆனா இவன் எதுக்குப் போகப் போறான்? இவன் உன் மேல..."

"நீங்க நல்ல எசமான்யா. உங்கள மாதிரி ஒருத்தர் எனக்கு வாய்ச்சதே இல்ல." ஐரினேயின் குரலில் கேலி இல்லை, பிரியம்தான் இருந்தது. "நீங்க என்னை விட்டீங்க. நான் போயிட்டேன்ல?"

தெருவில் யாரோ வண்டி ஓட்டிப் போனார்கள். தெய்வானை முக்காலியிலிருந்து எழுந்தாள். ஐரினேயைத் தாண்டி, பின்னால் நின்றவனைப் பார்த்தாள். இத்தனை மாதங்களில் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டாமா, நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

டாமா வாயைத் திறப்பதற்கு முன் ஐரினேயின் முகத்தைப் பார்த்தான்.